பூட்டக்கூடாத கேட்

காற்றே இல்லாத மத்தியானத்தில் கேட் தானாகத் திறக்கிறது, புங்கமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை, நான் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுவதற்குள் அது, உள்ளே வரத் தயங்கும் விருந்தாளி தள்ளுவதுபோல, ஒரு முனகலோடு மெல்ல உள்பக்கமாக நகர்ந்து, முழுதாக விரிந்து, நின்றுவிடுகிறது, எழுந்து போய்ச் சாத்துகிறேன், திரும்பி நாலடி வைப்பதற்குள் மறுபடி அந்த முனகல். கேட்டைத் தாங்கும் கல்தூணில் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தாகிவிட்டது, நூலளவு சாய்வில்லை, நேரான தூணில் மாட்டிய கேட் விட்ட இடத்தில் நிற்க வேண்டும், பெண்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலைக்காலம் முழுக்க ஊசல் ஆட்டிக் காட்டியவள் நான், எனக்குத் தெரியும், அது நிற்க வேண்டும், நிற்கவில்லை. திறந்த வழியாக மாதம்மாளின் ஆடுகள் நுழைந்து செம்பருத்தியைக் குச்சியாக்கிவிட்டன, பின்னாலேயே மாதம்மாள் வருகிறாள், பக்கத்துக் காட்டுக்காரி, ஆடுகளை வைவதுபோல் வைதுகொண்டே முல்லைக் கொடியையும் அவை முடிக்கட்டும் என்று காத்திருந்தவளைப்போல நிற்கிறாள், முனி தொறக்குதுங்கம்மா, நீங்க சாத்துனா அது தொறக்காம என்ன பண்ணும்.

முனியால்தான் இந்த நிலம் எனக்குக் கிடைத்தது, அதை நான் மறக்கவில்லை. சேலத்தைச் சுற்றி நான் பார்க்காத மனை இல்லை, வண்ணக்கொடி கட்டி, வளைவு வைத்து, நகர் என்று பெயரெழுதிய பொட்டல்கள், ஒவ்வொன்றிலும் புரோக்கர் என்னைத் தாண்டி என் முதுகுக்குப் பின்னால் பார்க்கிறான், சார் வரலீங்களா மேடம், சார் வரமாட்டார், வாங்குவது நான், வீடு கட்டப்போறீங்களா, இல்லை, அப்ப வெள்ளாமையா, அதுவும் இல்லை, பின்ன என்னத்துக்குங்க, சும்மா உட்கார. சும்மா உட்கார நிலம் கேட்கும் பெண்ணுக்கு விற்றால் நாளைக்கு என்ன வில்லங்கம் வருமோ என்று அவர்கள் முகத்தில் ஓடும், அது ஓடும்வரை நானும் நின்று பார்த்துவிட்டு அடுத்த பஸ் ஏறுவேன். மலையடிவாரத்தில் இந்த மூலைத்துண்டை வைத்திருந்த சின்னண்ணன் மட்டும்தான் என் பதிலைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார், வீடு கட்டமாட்டீங்களே, சத்தியமா கட்டமாட்டீங்களே, இது முனி நடக்கிற தடமுங்க, மலையிலிருந்து ஏரிக்குப் போற வழி, இதுல சுவர் வெச்சவன் எவனும் உருப்பட்டதில்ல, வேலி போட்டுக்குங்க, கேட்டும் போட்டுக்குங்க, பூட்டு, தாழ்ப்பா, கயிறு மட்டும் ஆகாது, போட்டா ஊரு வந்து வேலியையே பிடுங்கிப்புடும், அப்புறம் என்னைக் கேக்காதீங்க. சரி என்றேன், வீடு கட்டாதவளும் வீடு கட்டவிடாத முனியும், எங்களுக்குள் என்ன தகராறு வந்துவிடும்.

சாத்திய கதவு எங்கள் வீட்டில் ஒரு குற்றப்பத்திரிகை. பகலில் அறைக்கதவைச் சாத்தினால் நாத்தனார் திறப்பார், என்ன, தலவலியா, சாத்தினால் கணவர் திறப்பார், என்ன, கோவமா, தலைவலியும் இல்லை கோபமும் இல்லை என்றால், அப்புறம் எதுக்குச் சாத்துன, இந்தக் கேள்விக்கு நான் கல்யாணமான நாளிலிருந்து பதில் தேடினேன், கண்டுபிடித்தது இவ்வளவுதான், பதில் சொல்லத் தேவையில்லாத ஓர் இடம் வேண்டும். ஓய்வுபெற்ற பணத்தில் அதை வாங்கியதும் கணவர் சிரித்தார், கெட்டவர் இல்லை, சிரிக்கிறவர், கதவே சாத்தாத தோட்டத்தை இத்தனை கொடுத்து வாங்கியிருக்கா பாரு என்று தன் அக்காவிடம் சொல்லிச் சிரித்தார், சித்திரை பொறக்கட்டும், அதுக்குள்ள உன் கேட்டு சாத்தி நின்னா உன் பாடு, நிக்கலன்னா வித்துடலாம், ஆடு மேய்க்கவா நிலம் வாங்கினோம். வாங்கினோம் இல்லை, வாங்கினேன், என்றேன், விற்கமாட்டேன், என்றேன், அவர் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார்.

கல்லை முட்டுக்கொடுத்தேன், மறுநாள் வந்தால் கல் வேலியோரம் கிடக்கிறது, மாதம்மாள் ஒளிக்கவில்லை, நாந்தாங்கம்மா எடுத்தேன், கல்லும் பூட்டுதானுங்களே, உங்களுக்கு ஒண்ணு ஆயிடக்கூடாதுன்னுதான். எனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் கண்ணில் உண்மையான கவலை, கேட்டை மறுபடி சாத்தினேன், அது மறுபடி திறந்தது, சாத்து, திற, சாத்து, திற, நாற்காலியில் கண் அசந்துவிடுகிறது, கேட் எங்கள் படுக்கையறைக் கதவாகிறது, நாத்தனார் நுழைகிறார், ஆடுகள் நுழைகின்றன, எல்லாரும் தலைவலியா என்கிறார்கள், கதவு கண்ணாடி வைத்த கதவாகிறது, பீரோவின் கதவு, புது வீட்டுக்கு வந்த வருஷம் அது தானாகத் திறந்து திறந்து அறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் என் புடவைகளைக் காட்டியது, தரை முன்பக்கம் சரிவு, நான் முன்கால்களின் கீழ் அட்டையை மடித்து வைத்தேன், பீரோ ஒரு மயிரிழை பின்னால் சாய்ந்தது, கதவு அன்றோடு வாய்மூடியது, நான் என்ன செய்தேன் அன்று, கதவைத் தொடவேயில்லை, அது இறங்குகிற பக்கத்தை மாற்றினேன், விழிக்கிறேன், வெயில், முனகல்.

கதவு எதுவும் திறப்பதில்லை, இறங்குகிறது. கீல்கள் இரண்டையும் சேர்க்கும் கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் போனால் கதவின் கனம் கொஞ்சம் கீழே வருகிறது, மேட்டில் விட்ட பந்துபோல் அது அங்கே போய்த்தான் நிற்கும், நான் தூணை அளந்தேன், கதவு தூணில் தொங்கவில்லை, தூணில் பதித்து கீல் மாட்டிய இரண்டு இரும்பு முளைகளில் தொங்குகிறது. மேல்முளையில் நூலைக் கட்டிக் குண்டைத் தொங்கவிட்டேன், அது கீழ்முளையின் மேல் விழ வேண்டும், விழவில்லை, ஒரு விரற்கடை தோட்டத்துப் பக்கம் தள்ளித் தொங்கி அசையாமல் நின்றது, எனக்குச் சிரிப்பு வந்தது, முனியின் மேல் போட்ட பழி கேட்டை மாட்டிய வெல்டரின் பழி. வெல்டரை அழைத்துவந்து முளைகளை நேராக்கு என்று சொல்ல இருந்தேன், சொல்லவில்லை, நேராக்கினால் விட்ட இடத்தில் நிற்கும், அவ்வளவுதான், எனக்கு அது போதாது. வெல்டர் சின்னப் பையன் அல்ல, என் வயசுக்காரர், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கோணலா வெக்கச் சொல்றீங்களே டீச்சர், பேரு கெட்டுடும், என்றார், கெடட்டும், கோணலாகவே வையுங்கள், நான் சொல்லும் கோணலில்.

சித்திரைக்கு முன்னாலேயே கணவர் வந்தார், நிலத்தை வாங்க ஆள் பார்த்துவிட்டேன் என்று சொல்ல வந்திருந்தார், நான் புங்கமரத்தடியில் இருந்தேன், அவர் கேட்டைத் தள்ளினார், தோளால் தள்ளினார், பூட்டிட்டியா, ஊரு சும்மா விடுமா, என்று சத்தம் போட்டார், வெளியே ஆடுகளோடு நின்ற மாதம்மாள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள், பூட்டெல்லாம் இல்லீங்க சார், எங்க ஆடுங்களும் இப்படித்தான் காலைலேருந்து முட்டுதுங்க, இழுங்க. அப்ப முனிக்கு வழி, என்று நான் கேட்டேன், முனிக்குக் கை இருக்குதுங்களேம்மா, இழுத்துட்டுப் போவுது, என்றாள். அவர் இழுத்தார், உள்ளே வந்தார், ஏதோ சொல்லத் திரும்பினார், கேட் அவர் பின்னால் தானாக வந்து சாத்திக்கொண்டது. விக்கலியா, என்றார். இல்லை. எதுக்குத்தான் இப்படித் தனியா. எதுக்கும் இல்லை. அவர் சிரிக்கவில்லை, கேட்டைத் திறந்து அது மூடுவதைப் பார்த்தார், இன்னொரு தரம் திறந்தார், எப்படி, என்றார், முதல்தடவையாக நான் பதில் சொல்ல விரும்பிய கேள்வி, சொன்னேன்.

மேல்முளையைக் கீழ்முளையைவிட ஒரு விரற்கடை எதிர்த்தூணை நோக்கி, சாத்திய கேட் நீளும் திசையில், நகர்த்தி வைத்திருக்கிறது, அதனால் திறக்கும்போது கேட் கொஞ்சம் மேலே ஏறுகிறது, விட்டதும் இறங்கித் தானே சாத்திக்கொள்கிறது, எதிர்த்தூணின் உள்பக்கம் ஓர் இரும்புத் தட்டு தடுக்கிறது, ஆகவே தள்ளினால் வராது, வெளிப்பக்கம் இழுத்தால் வரும்.