காந்தத்துக்கு அடியில் என் வேகம்

ஓய்வு பெற்றவனுக்கு இந்த உலகம் தரும் மரியாதை எல்லாம் 'மெதுவாப் போங்க', 'பாத்து உக்காருங்க' என்ற ரகத்தில்தான் இருக்கும். அதனால் புறவழிச்சாலையில் ஒரு போக்குவரத்துக் காவலர் என்னை நிறுத்தி, அளவுக்கு மீறிய வேகம் என்று சீட்டு எழுதி நீட்டியபோது, பட்டமளிப்பு விழாவில்கூட நிற்காத நிமிர்வோடு நின்று வாங்கிக்கொண்டேன். அந்தப் பிள்ளை என் வயதைப் பார்த்தார், காரின் வயதைப் பார்த்தார், கையிலிருந்த வேகமானியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கருவியில் கோளாறு இல்லை தம்பி, தைரியமாக எழுதுங்கள் என்று நானே சொன்னேன்.

சிக்கல் என்னவென்றால், கார் என் மகளுடையது. அவள் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள்; காலையில் ஆஸ்பத்திரி வேனே வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். பகல் முழுக்க கார் என் ராஜ்ஜியம். ஆனால் எங்கள் வீட்டு கேட் தூண் ஒருநாள் குறுக்கே வந்து காரை உரசியதிலிருந்து, இன்னொரு புகார் வந்தால் சாவியைப் பிடுங்கிக்கொள்வேன் என்று மகள் சொல்லி வைத்திருக்கிறாள். செய்யக்கூடியவள்தான். சாவி போனால் பால்கனியில் இருக்கும் தொட்டிச் செடிகளோடு நானும் ஒரு தொட்டிச் செடி. சாயங்காலம் எனக்கும் தண்ணீர் ஊற்றுவாள்.

புத்தியுள்ளவன் என்ன செய்திருப்பான்? சத்தம் போடாமல் அபராதத்தைக் கட்டிவிட்டு, சீட்டைக் கிழித்துப் போட்டிருப்பான். நான் அதைப் பூங்காவுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

பூங்காவில் எங்களுக்கென்று ஒரு பெஞ்சு உண்டு. வானிலை நிலையத்தில் இருந்த மீசை, கணக்குத் தணிக்கை செய்துகொண்டிருந்த ஆடிட்டர், பல் டாக்டர், நான். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே செய்தித்தாள். அரட்டை முடிந்ததும் அதைத் தாள் தாளாகப் பிரித்து வீட்டுக்குக் கொண்டுபோவோம். விளையாட்டு மீசைக்கு, வியாபாரம் ஆடிட்டருக்கு, குறுக்கெழுத்துப் போட்டி டாக்டருக்கு, மிச்சமுள்ள நாட்டு நடப்பெல்லாம் எனக்கு. அன்று செய்தித்தாளை யாரும் சீண்டவில்லை. சீட்டுதான் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. வளைவில் ஒரு லாரியை முந்தி நான் போன வேகத்தில் சாலையோர மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றன என்று சொன்னேன். மீசை நம்பவில்லை. பாதி மரங்கள் என்று குறைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் நான் ராஜாவாக இருந்தேன். பிறகு வழக்கம்போல் தாளைப் பிரித்துக்கொண்டு கிளம்பினோம்.

வீட்டுக்கு வந்து சட்டைப் பையைத் தடவினால் சீட்டு இல்லை.

கெடு நெருங்கியதும் அபராதம் கட்டும் அலுவலகத்துக்கு ஓடினேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். சீட்டு எண் இல்லாமல் பணம் வாங்க முடியாதாம். நகல் வேண்டுமென்றால் அனுப்புவார்களாம், ஆனால் வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் பேருக்குத் தபாலில்தானாம். என் கையில் கொடுத்தால் என்ன என்று குழைந்து பார்த்தேன். எனக்குப் பின்னால் நின்றவரை அவர் கூப்பிட்டுவிட்டார்.

ஆக, அசல் கிடைத்தே தீரவேண்டும். என் பங்குத் தாள்களில் இல்லை, மற்றவர்கள் பங்குக்குள்தான் போயிருக்கும் என்று வேட்டையைத் தொடங்கினேன். மீசை வீட்டில் விளையாட்டுப் பக்கங்கள் அலமாரி விரிப்பாகிவிட்டன. பாத்திரங்களை இறக்கச் சொல்லித் தட்டுத் தட்டாகத் தூக்கிப் பார்த்தேன். மீசையின் மனைவி எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டி, தண்ணீர் கொடுத்தார். ஆடிட்டர் பழைய தாள்களைத் தேதிவாரியாகக் கட்டி அடுக்கியிருந்தார். ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்தோம், தும்மினோம், கட்டினோம். ஒன்றும் இல்லை. மிச்சம் பல் டாக்டர்.

டாக்டர் கார் ஓட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் சாலையில் வந்தால், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள்கூட ஒதுங்கி முந்திப் போவார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவியின் தம்பி இதைச் சொல்லியே அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தான்.

போனால், டாக்டர் என்னை வாசலிலேயே மடக்கினார். குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். குறுக்கெழுத்துத் தாளிலிருந்து சீட்டு நழுவி விழுந்ததாம், மனைவி என்னவென்று கேட்டாளாம், 'எனக்குக் கொடுத்தது' என்று வாய் தவறி வந்துவிட்டதாம். அதிலிருந்து வீட்டில் தனி மரியாதையாம். சீட்டு இப்போது ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. பேரையும் வண்டி எண்ணையும் மறைத்து ஒரு பெரிய கடைவாய்ப்பல் காந்தத்தை ஒட்டியிருக்கிறார்.

"ஐயா, அதை மட்டும் எடுத்துடாதீங்க" என்றார். "காலேஜ்ல தங்கப்பதக்கம் வாங்கினேன், அதைக்கூட அவ அலமாரிக்குள்ளதான் வச்சா."

சீட்டு அங்கேயே இருக்கட்டும், எண் மட்டும் கிடைத்தால் போதும் என்று ஒப்பந்தம் ஆயிற்று. அவர் மனைவி காபி கலக்கும்போது நான் ஃபிரிட்ஜைப் பார்த்து நின்று, உள்ளங்கையில் பேனாவால் எண்ணை எழுதினேன். கடைசி இரண்டு எண்கள் பல்லின் வேருக்கு அடியில் இருந்தன. ஒரு விரலால் காந்தத்தை நகர்த்தினேன்.

"நல்லா எடுத்தே பாருங்கண்ணா" என்றார் அந்த அம்மா, திரும்பாமலே. "உங்க பேருதான் இருக்கு. நான் அன்னிக்கே பாத்துட்டேன்."

என் உள்ளங்கை வியர்த்து எண் கலைய ஆரம்பித்தது. எதற்காக இத்தனை நாள் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"இவருக்குப் பொய்யே சொல்ல வராது. என்னை அசத்தணும்னு உக்காந்து யோசிச்சு, காந்தமெல்லாம் ஒட்டியிருக்கார். அதைப் போய் யாராவது கெடுப்பாங்களா?"

கெடுக்க மாட்டேன் என்று நானும் சத்தியம் செய்தேன். அவர் சத்தியத்தோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பம் சாப்பிட வருகிறது, நீங்களும் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார். அன்று மத்தியானமே அபராதத்தைக் கட்டினேன். கவுன்ட்டர் அம்மாள் என் உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பி, கைரேகை பார்ப்பவர்போல் எண்ணைப் படித்தார். சாவி தப்பியது. காரை எடுத்துக்கொண்டு சும்மாவே ஊரை இரண்டு சுற்றுச் சுற்றினேன், மரங்களுக்குச் சேதமில்லாத வேகத்தில்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த அம்மா என் மகளையும் போனில் அழைத்திருக்கிறார் என்று. எதிரே அவள், பக்கத்தில் தம்பிக்காரன், மேசை முனையில் புதுச்சட்டையில் டாக்டர். கதையை ஆரம்பித்தார். என் கதை. என் வளைவு, என் லாரி, நான் லாரியை முந்திய விதம், எல்லாம் அவர் வாயில். நடுநடுவே என்னைப் பார்த்து 'இல்லையா?' என்பார். நான் ஆமாம் என்று சோற்றை விழுங்கினேன். தம்பிக்காரன் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மா பரிமாறுவதை நிறுத்திவிட்டுக் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மகள் சிரித்தாள். "எங்கப்பாகிட்ட கொஞ்சம் கத்துக்கோங்க அங்கிள். அவர் இப்பல்லாம் எவ்ளோ பொறுமையா ஓட்டறார் தெரியுமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் விழுங்கினேன். யாராவது எனக்கு ஒரு பதக்கம் கொடுத்திருக்க வேண்டும்.

டாக்டர் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மனுஷன் நல்லவர், பெருமை அதிகமாகிவிட்டதே என்று கொஞ்சம் அடக்கம் சேர்க்கப் பார்த்தார். போலீஸ்காரர் நிறுத்தியதும் கை கால் நடுங்கிவிட்டதாம், ரெண்டு கையையும் கூப்பி, மன்னித்து விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாராம்.

"நான் எங்கய்யா கெஞ்சினேன்?"

சொன்னது நான்தான். கரண்டிகள் நின்றன. டாக்டரின் முகம் மயக்க ஊசி போட்டதுபோல் மரத்துப் போனது. தம்பிக்காரன் வாயெடுக்கப் போனான். அக்கா ஒரு முறை முறைத்ததில் மூடிக்கொண்டான். அந்த அம்மா கணவரின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்து, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, நீங்க சாப்பிடுங்க என்றார்.

என் மகள் உள்ளங்கையை மேசைக்குக் குறுக்கே நீட்டினாள். நான் சாவியை எடுத்து வைத்தேன்.

திரும்பும்போது அவள் ஓட்டினாள். சிவப்பு விளக்கில் நின்றபோது, சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நிஜமாவே நீங்க கெஞ்சலையாப்பா?"

"ஒரு வார்த்தைகூட இல்ல. நேரமாகுது, சீக்கிரம் எழுதுங்கன்னேன்."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. பச்சை விழுந்து, பின்னால் இருந்தவர்கள் எல்லாம் ஹார்ன் அடிக்கும் வரை அவளால் வண்டியை எடுக்க முடியவில்லை.

சாவியை மட்டும் இன்னும் தரவில்லை.