பீப்பாய்க்காரர் வீடு

"மேடம், பீப்பாய்க்காரர்னு சொன்னீங்கல்ல, வந்துட்டேன். ஆனா இங்க பேக்கரிதான் இருக்கு. சிலிண்டரை எங்க இறக்கட்டும்?"

மருமகள் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மாமனாரின் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது தலையணையைச் செருகிக்கொண்டிருந்தாள். படுத்தால் மூச்சு வருவதில்லை என்று நான்கு நாட்களாக அவர் உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார். தூங்குகிறார் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான்.

"பேக்கரி இல்லப்பா, வீடு. பீப்பாய்க்காரர் வீடு."

"வீடுன்னுதான் கேட்டேன் மேடம். பேக்கரியைக் கைகாட்டினாங்க."

"அங்கிருந்து நேரா வாங்க. ரெண்டாவது குறுக்குத் தெரு, பச்சைக் கேட்டு. யாரைக் கேட்டாலும் சொல்வாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்பதுதான் இங்கே வினை. காலையில் ஆக்சிஜன் கம்பெனிக்குப் போன் செய்தபோதும் முகவரி கேட்ட பெண்ணிடம், "பீப்பாய்க்காரர் வீடுன்னு போட்டுக்கங்க, எல்லாருக்கும் தெரியும்" என்று ஏதோ உபகாரம் செய்வதுபோலச் சொல்லியிருந்தாள்.

கட்டிலருகே நின்ற சிலிண்டரின் மீட்டரில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின் விடிகாலையில் கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோயிருந்தது. அவசரத்துக்கென்று வைத்திருந்த இந்தச் சின்ன சிலிண்டரை வைத்துத்தான் ஆறு மணியிலிருந்து ஓட்டுகிறாள். இப்போது மணி பதினொன்றரை.

டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். நுரையீரலில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைக்கழிக்க வேண்டாம், மூச்சுத் திணறாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. பார்த்துக்கொள்கிறேன் என்று தலையாட்டியது அவள்தான். அவர் போகப்போகிறார் என்பது தெரிந்ததுதான். காற்றுக்குத் தவித்துக்கொண்டு போகக்கூடாது, அவள் வேண்டியது அவ்வளவுதான். அதற்கு அந்தச் சிலிண்டர் வேன், முள் சைபருக்கு வருவதற்குள் வந்து சேர வேண்டும். அவளுடைய கணவன் தொழிற்சாலையிலிருந்து கிளம்பிவிட்டான். அவன் வர எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும்.

இந்தக் குடும்பத்தில் கடைசியாகப் பீப்பாய் செய்தவர் மாமனாரின் தாத்தா. மாமனார் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மரத்தில் அவருக்குத் தெரிந்தது ஸ்கேல் ஒன்றுதான். தொழில் போனாலும் பெயர் போகவில்லை. போகாததோடு நிற்காமல் குட்டி போட்டுப் பெருகியது. பட்டறை இருந்த இடத்தை வாங்கியவர் பீப்பாய்க்காரர் பேக்கரி என்று போர்டு மாட்டினார். அதைப் பார்த்து மண்டபம், மருந்துக்கடை, டிரைவிங் ஸ்கூல், பிறகு உடம்பு இளைக்க ஒரு ஜிம். அந்தப் பெயரை ஜிம்முக்கு வைத்தவன் யோசித்துத்தான் வைத்தானா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. பஸ் ஸ்டாப்புக்கு அந்தப் பெயர் வந்தது மாமனாரின் கைங்கரியம். கால அட்டவணையில் ஒருநாள் தன் கையாலேயே எழுதிவிட்டார். மேலிடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அப்புறம் தெருவுக்கும், அதை வெட்டிப் போகும் நான்கு குறுக்குத் தெருக்களுக்கும் அதே பெயர் வந்தது.

நடமாட முடிந்த நாட்களில் சாயங்காலம் அவர் நடக்கப் போனது காற்று வாங்க அல்ல, போர்டுகளைப் பார்வையிட. பேக்கரி போர்டில் ஓர் எழுத்து மங்கிவிட்டதென்று, புதுப் பெயிண்ட் அடிக்கும் வரை மூன்று மாதம் அங்கே ரொட்டி வாங்காமல் இருந்த மனிதர் அவர்.

கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் அம்மாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது, "மாமா, நம்ம வீட்டு நம்பர் என்ன?" என்று அவள் கேட்டாள்.

"நம்பரெல்லாம் பேரில்லாதவங்களுக்கும்மா," என்றார். "நம்ம பேரை வச்சுத்தான் மத்த எல்லாம் இருக்கு. நீ பேரை மட்டும் எழுது, பதில் வருதா இல்லையா பாரு."

பதில் வந்தது. பத்தொன்பது வருடங்களாக வந்துகொண்டுதான் இருந்தது. நகராட்சி ஒட்டிய நம்பர் தகட்டை அவர் திருகாணியோடு கழற்றி எறிந்த கதையைக் கணவன்தான் ஒருமுறை சொன்னான். அன்றைக்கு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். என்ன நம்பர் என்று கேட்டதற்கு, "அது எதுக்கு இப்ப?" என்று பேச்சை மாற்றிவிட்டான்.

போன் மறுபடி அடித்தது.

"மேடம், மண்டபத்துக்கு வந்துட்டேன்."

"மண்டபம் எதுக்குப்பா?"

"குறுக்குத் தெருன்னு கேட்டேன். மண்டபத்துக்குத்தான் போறேன்னு நினைச்சு வழி சொல்லிட்டாங்க. வண்டியில நாலு பேரு ஏறி வழிகாட்டினாங்க மேடம், பாவம், நல்ல மனுஷங்க."

"நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்க? நான் லொகேஷன் அனுப்பட்டுமா?"

"இது கம்பெனி போன். பட்டன் போன்."

மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா கழுத்தில் இஞ்சுடேப்போடு இறங்கி வந்தாள். விஷயத்தை முழுக்கக் கேட்கவும் இல்லை. "நான் முனையில போய் நிக்கறேன். வேன் என்ன கலரு?" என்றாள்.

"தெரியலக்கா."

"சரி, எந்தக் கலர் வந்தாலும் நிறுத்தறேன்," என்று செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

மருமகள் சிலிண்டரின் குமிழைப் பிடித்து நாலில் இருந்ததை மூன்றுக்குக் குறைத்தாள். சிலிண்டரோடு பொருத்திய தண்ணீர்ப் பாட்டிலில் கொதிப்பதுபோல் எழும்பிக்கொண்டிருந்த குமிழிகள் கொஞ்சம் அடங்கின. குறைத்தால் இன்னும் சில நிமிடம் நீளும். நீளும் நிமிடங்களை அவருடைய மார்பிலிருந்துதான் பிடுங்க வேண்டும். அவர் விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி எண்பத்தாறு காட்டியது. பிறகு எண்பத்து மூன்று. மாமனாரின் தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது.

"வந்துட்டாங்க மாமா. பக்கத்துலதான் இருக்காங்க."

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பொய் என்று தெரிந்துகொண்ட பார்வைதான். கோபம் எதுவும் அதில் இல்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மூன்றாவது முறை போன் வந்தபோது வேன்காரரின் குரலிலும் பதற்றம் ஏறியிருந்தது.

"மேடம், சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருக்காங்க. ஒரு தெருவுலயும் போர்டு இல்ல. எது முதல் குறுக்கு, எது ரெண்டாவதுன்னே தெரியல. பச்சைக் கேட்டு நாலு பார்த்துட்டேன். எல்லாத் தெருவும் ஒரே பேரு. வீட்டு நம்பர் மட்டும்தான் விடாம வரிசையா ஓடுது. நம்பரைச் சொல்லுங்க, எண்ணிக்கிட்டே வந்துடறேன்."

"நம்பர்..."

"ஆமா மேடம், நம்பர்."

"லைன்லயே இருங்க."

அவள் மாமனாரின் மேசை இழுப்பறையைத் திறந்து கட்டிலின் கால்மாட்டில் கவிழ்த்தாள். தண்ணீர் வரி ரசீது, பீப்பாய்க்காரர் வீடு. பென்ஷன் ஆபீஸ் கவர், பீப்பாய்க்காரர் வீடு. கண் ஆஸ்பத்திரிச் சீட்டு, பீப்பாய்க்காரர் வீடு. எத்தனை ஆபீஸில் போய் எத்தனை குமாஸ்தாக்களிடம் வாயாடி இதைச் சாதித்திருப்பார்! அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த மனிதரின் வீம்பின் மேல் வந்தது. அந்த வீம்பைப் பத்தொன்பது வருடத்தில் தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்டு, காலையில் அந்தப் பெண்ணிடம் பெருமையாக ஒப்பித்த தன் மேல் அதைவிட அதிகமாக வந்தது.

கணவனை அழைத்தால் இந்த லைனைத் துண்டிக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் கேட்கலாம் என்றால், ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கும் பழைய கொட்டகை, இன்னொரு பக்கம் காலி மனை. முள் சைபரை நெருங்கிவிட்டது. அவள் மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைத்தாள். எழுபத்தொன்பது.

"வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா மேடம்? கேட்டுப் பாருங்க."

அவள் ரசீதுகளையே கிளறினாள். மாமனாரிடம் மூச்சைத் தவிர வேறெதையும் கேட்கலாம். ஒரு வார்த்தை பேசுவதற்கு அவருக்கு எவ்வளவு செலவாகும் என்று நான்கு நாட்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மேலும், கேட்டாலும் இதையா சொல்லப்போகிறார்?

ரசீதுகளிலிருந்து நிமிர்ந்தபோது மாமனார் கையை உயர்த்தியிருந்தார். மாஸ்க்கைக் கழற்றப் போகிறார் என்று புரிந்து அவள் பாய்ந்து தடுத்தாள். அவர் அவளுடைய கையை விலக்கினார். அந்தக் கையில் இவ்வளவு பலம் மிச்சமிருந்தது அவளுக்குத் தெரியாது. மாஸ்க்கை முகவாய்க்கு இறக்கினார்.

"நூத்தி..." என்றார். தோள் ஏறி இறங்கியது. "நூத்திப் பதினாறு."

"நூத்திப் பதினாறு," என்று அவள் போனில் கத்தினாள். மாஸ்க்கை மேலே தூக்கப் போனாள். அவர் தலையை அசைத்தார். இன்னும் இருக்கிறதாம். உதடு நீலம் பாரித்திருந்தது. கண்ணை இறுக்க மூடி, எங்கிருந்தோ ஒரு மூச்சைத் தேடிப் பிடித்து இழுத்தார்.

"பை... ஏ."

அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நூற்றுப்பதினாறு, பக்கத்துக் கொட்டகை. அந்தக் காலத்தில் பீப்பாய்க்கு மரம் அடுக்கி வைத்து, பின்னால் விற்றுவிட்ட கொட்டகை. நகராட்சிக்காரன் அதற்கு முழு நம்பரைக் கொடுத்துவிட்டு, இந்த வீட்டை அதன் வாலாக ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். அதற்குத்தான் திருகாணியும் ஸ்டூலும்.

"நூத்திப் பதினாறு பை ஏ. கேட்டுச்சா? பை ஏ."

"கேட்டுச்சு மேடம். நான் நிக்கறது நூத்திப் பத்து. இதோ."

மாஸ்க்கைப் பொருத்திக் குமிழை நாலுக்குத் திருப்பினாள். இனி மிச்சம் பிடிக்க அவளுக்கு மனமில்லை. குமிழிகள் ஒருமுறை எழும்பிச் சோர்ந்தன. அப்போதுதான் வாசலில் வேன் கதவு இழுபடும் சத்தம் கேட்டது.

வேன்காரர் நடுவயதுக்காரர், ஒல்லி. தன் உயரத்துக்கு இருந்த சிலிண்டரைச் சாய்த்து உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் பழையதைக் கழற்றி, புதியதில் மீட்டரை முடுக்கி, சாவியைத் திருப்பினார். முள் துள்ளி மறுகோடிக்குப் போனது. பாட்டிலில் தண்ணீர் சலசலவென்று பொங்கியது. எண்பத்திரண்டு. எண்பத்தைந்து. எண்பத்தொன்பது. மாமனாரின் தோள்கள் மெல்ல மெல்லக் காதை விட்டு இறங்கின. நான்கு நாட்களில் முதல்முறையாக அவர் தலையணையில் தலையை முழுக்கச் சாய்த்தார்.

"நல்லா இருக்கா மாமா?"

விரல்களை மட்டும் அசைத்தார். போ, போய் அந்த ஆளைக் கவனி என்பதுபோல.

கூடத்தில் வேன்காரர் சீட்டை நீட்டினார். "ஒரு கையெழுத்து மேடம்." முகவரிக் கட்டத்தில் 'பீப்பாய்க்காரர்' என்று அச்சாகியிருந்தது. அதன் கீழே பேனாவால் 116/ஏ என்று எழுதி, மறந்துவிடக்கூடாதென்றோ என்னவோ, சுற்றி வட்டம் போட்டிருந்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். வெயிலில் ஓடிவந்த தையல்காரம்மா வேனைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் வேன்காரருக்கும் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு மருமகள் உள்ளே போனாள். மொத்தம் மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

மாமனார் சாய்ந்தபடியே இருந்தார். முகம் தெளிந்திருந்தது. விரலில் இருந்த கருவியில் எண்ணுக்குப் பதில் இரண்டு சின்னக் கோடுகள். நழுவிவிட்டது என்று நினைத்து அழுத்தி மாட்டினாள். கோடுகள்தான். அதைக் கழற்றித் தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு காட்டியது.

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். உடனே வரவில்லை. அவர் தவிக்கவில்லை என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அப்படி நிம்மதிப்படுவது சரியா என்ற வெட்கம் பின்னாலேயே வந்தது. கீழே சிதறிக் கிடந்த ரசீதுகளைப் பொறுக்கி அடுக்கி, இழுப்பறையில் பழையபடி வைத்தாள்.

கணவனின் போன் வந்தது.

"பஸ் கிடைக்கல, டாக்ஸி பிடிச்சுட்டேன். சிலிண்டர் வந்துச்சா?"

"வந்துருச்சுங்க."

"அப்பாடா. டிரைவர் புதுசு, இரு." அவன் முன்பக்கம் பேசுவது கேட்டது. "பீப்பாய்க்காரர் வீடுன்னு சொன்னா போதுங்க, எல்லாருக்கும் தெரியும்."

"அப்படிச் சொல்லாதீங்க," என்றாள். "நூத்திப் பதினாறு பை ஏன்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் டாக்ஸியின் இரைச்சல் மட்டும் வந்தது.

"உனக்கு யாரு சொன்னா?"

"மாமாதான் சொன்னாங்க."

அவன் டிரைவரிடம் வேகமாகப் போகச் சொன்னான்.

"எப்ப?"

"இப்பதாங்க. ஒரு பத்து நிமிஷம்."

அவன் போனை வைக்கவில்லை. "பின்னால என்ன சத்தம் அது?" என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். யாருக்கும் தேவைப்படாத காற்று தண்ணீர்ப் பாட்டிலில் பொங்கிக்கொண்டிருந்தது. முள் கொஞ்சமும் அசையாமல் நிறைந்த பக்கமே நின்றது. சாவி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"பாட்டில்ங்க," என்றாள். "நீங்க வந்து நிறுத்துங்க."