நேசபாயின் பேச்சைக் கேட்டவர்கள்

வடசேரிச் சந்தைக்குள் நேசபாய் கால் வைத்தால் மீன்காரி தானாகவே விலையைக் குறைத்துவிடுவாள் என்று ஒரு பேச்சு உண்டு. பேரம் பேசித் தோற்று, தொண்டையும் கட்டி நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். கோயிலில் கடைசிப் பெஞ்சில் இருந்து அவள் பாட்டெடுத்தால் முன்னால் நிற்கும் பாட்டுக்காரர்களுக்குத் தாளம் தப்பும். "இந்தப் பிள்ளைக்க தொண்டையில ஆண்டவரு மணியைக் கெட்டித் தொங்கவிட்டிருக்காரு" என்று போதகர் ஐயாவே சொல்லியிருக்கிறார், அதைப் பாராட்டு என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

ஊரே கேட்கும் அந்தப் பேச்சைக் கேட்காத ஆள் ஒருவன் உண்டு. கட்டின புருஷன் ராஜையன். குடை எடுத்துக்கிட்டுப் போங்க என்றால் நனைந்து வருவான். நெய்மீன் வாங்கச் சொன்னால் மலிவான சாளை வரும். பிள்ளைக்குச் செல்லக்கனி என்று பேர் வைப்போம் என்று அவள் ஒரு மாசம் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். ஞானஸ்நானத்தன்று போதகர் கேட்டபோது மனுஷன் கூசாமல் "தேவகனி" என்றான். சண்டைக்காரன் இல்லை, பாவம். பள்ளிக்கூடத்தில் டிரில் சார். பீடி, வெற்றிலை கிடையாது, அதிர்ந்து ஒரு சொல் கிடையாது. பெண்டாட்டி கிழக்கே என்றால் மேற்கே போவது மட்டும் அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி. "எனக்க வீட்டுக்காரரு எனக்க பேச்சைக் கேக்குத அன்னைக்குக் காக்கா வெள்ளையாட்டுப் பறக்கும், பாத்துக்க" என்று பக்கத்து வீட்டுப் பூங்கனியிடம் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாள்.

ஆனால் அவன் கையில் பாஸ்கட் பால் வந்துவிட்டால் கதை வேறு. ஆறடி மனுஷன், தரையில் கால் பாவாமல் எழும்புவான். அந்த நேரத்தில் அவனைப் பார்த்தால் சாளை மீன், நனைந்த சட்டை எல்லாம் அவளுக்கு மறந்து போகும். ஏழு வருஷமாக அவன் ஆடுகிற எல்லா ஆட்டத்துக்கும் போய்க் கயிற்றோரம் உட்கார்ந்து அவள் போடும் சத்தம் ஒன்றுதான்: "போடுங்க! கூடையில போடுங்க!" அவனும் உடனே பந்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் ராஜையன் இந்தியா அணியில் ஆடினான். மணிலாவில் பல நாட்டு அணிகளும் கூடுகிற சாம்பியன்ஷிப் வந்தது. இந்தப் பக்கமிருந்து போவது இந்தியாவா, இலங்கையா என்று தீர்க்க மூன்று ஆட்டம். கொழும்பில் இலங்கை ஜெயித்தது. மதராஸில் இந்தியா ஜெயித்தது. மூன்றாவதை எங்கே வைப்பது என்று இரண்டு பக்கத்துப் பெரிய மனுஷர்களும் மாசக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் ஒருத்தர் பூகோளப் படத்தில், "ரெண்டு பேருக்கும் பொதுவா இங்கே வைங்க" என்று விரலை ஊன்ற, விரல் நாகர்கோவிலில் இருந்தது.

ஊருக்கு அது திருவிழா. ராஜையனுக்கு அது கடைசி ஆட்டமாகவும் ஆகலாம். அண்ணன் ஜான்ரோஸுக்கு மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை. "இந்தத் தடவை கப்பல் ஏறினியானா ஏறு. இல்லேண்ணா பந்தைப் பரணுல போட்டுட்டு வந்து கடையைப் பாரு. முப்பது வயசாச்சு" என்று அவர் சொல்ல, ராஜையன் சரி என்று தலையாட்டிவிட்டான். அண்ணன் பேச்சை மட்டும் கேட்பான், சவம்! அன்று ராத்திரி நேசபாய்க்குச் சோறு இறங்கவில்லை. 'துணி அளக்குத கெஜக்கோலு புடிக்கவா இந்தக் கை?' என்று தூங்குகிறவனின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மணிலா எந்தத் திசையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் தன் புருஷன் அங்கே போயே தீரவேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஆட்டத்தன்று மதியமே பள்ளிக்கூட மைதானம் நிறைந்துவிட்டது. பூதப்பாண்டியிலிருந்து வில்வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தார்கள். தண்ணீர் தெளித்து உருளை ஓட்டின செம்மண் தரை, சுண்ணாம்புக் கோடு, சுற்றிலும் கயிறு. நேசபாய் சிவப்புச் சேலை உடுத்தி, முதல் வரிசையில் பூங்கனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளை பூங்கனி மடியில்.

இந்தியா அணியில் கர்த்தார் சிங் என்று ஒரு பஞ்சாபி. அவ்வளவு உயரத்தை ஊர் கண்டதில்லை. அவன் நடந்து வந்ததுமே ஜனங்கள் 'பனை' என்று பேர் வைத்துவிட்டார்கள். மற்றவர்களில் ஒருவன் மைசூர், ஒருவன் வங்காளம், ஒருவன் பம்பாய். விசில் ஊதினதும் நேசபாய் தொடங்கிவிட்டாள்.

"பனையைக் கூடைக்கடியில நிறுத்துங்க!" அவள் சொல்லி முடிக்குமுன் இரண்டு இலங்கைக்காரர்கள் பனையை மறித்து நின்றார்கள். "ஏழாம் நம்பருக்கு வலது பக்கந்தான் வரும், அதை அடையுங்க!" ஏழாம் நம்பர்தான் இலங்கை கேப்டன். அடுத்த தடவை அவன் இடது பக்கமாகப் போய்க் கூடையில் போட்டான். "அந்தக் கட்டையன் ஓடித் தளந்துட்டான், அவன் வழியாப் போங்க!" இலங்கைக்காரர்கள் தங்கள் கட்டையனை உடனே உட்காரவைத்து வேறு ஆளை இறக்கினார்கள். ராஜையன் வழக்கம்போல அவள் சொன்னதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. மற்ற நான்கு பேரும் காதில் பஞ்சு வைத்தவர்கள்போல ஆடினார்கள்.

பாதி ஆட்டம் முடியப் போகும்போது பந்து அவள் காலடிக்கு உருண்டு வந்தது. எடுக்க வந்த இலங்கை கேப்டன் குனிந்தபடியே கூட்டாளியிடம் சொன்னான்: "உந்தச் சிவத்தச் சீலை அக்கா சொல்லுறதெல்லாம் சரியடா. அவ சொல்லச் சொல்ல நெட்டையனை மறியுங்கோ. நான் மற்றவங்களுக்குச் சிங்களத்திலை சொல்லுறன்."

நேசபாய்க்கு ஆயுசில் முதல் தடவையாக வாய் அடைத்துப்போனது. அட பாவி மக்கா! இவன் யாழ்ப்பாணத்தான்! இவனுக்கு எல்லாம் விளங்குகிறது! பஞ்சாபிக்கு விளங்காது, மைசூர்க்காரனுக்கு விளங்காது, விளங்குகிற ஒரே ஆள் கேட்கமாட்டான். அப்படியென்றால் இவ்வளவு நேரமும் தொண்டை கிழிய அவள் ஆட்டம் சொல்லிக் கொடுத்தது யாருக்கு? பலகையில் இலங்கை இருபத்தேழு, இந்தியா பதினெட்டு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளையில் ஜான்ரோஸ் சோடாவும் சிரிப்புமாக வந்தார். கொழும்பு வியாபாரிகளோடு பழகின மனுஷன், அவருக்கு முதலிலேயே விளங்கிவிட்டது. "நேசம், நீ சொல்லுத, அவனுவ ஆடுதானுவ. இப்பிடியே பேசிட்டிரு பிள்ளே. வாற மாசம் தம்பி கல்லாப்பெட்டியில இருப்பான்."

அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சிவரை எரிந்தது. அழுகையும் வந்தது. எனக்க நாக்குல்லா எனக்க மாப்பிள்ளைக்க கப்பலைக் கவுத்திருக்கு! சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். "என்னட்டி, பல்லுவலியா?" என்று கேட்டாள் பூங்கனி.

அடுத்த பாதியில் அவள் வாய் திறக்கவில்லை. கூட்டம் என்னமோ கத்திக்கொண்டுதான் இருந்தது. 'விடாதலே', 'மக்கா ஓடு' என்கிற வெறும் சத்தம், அதை வைத்து யாரும் ஆட்டம் ஆட முடியாது. இந்தியா ஒவ்வொன்றாக ஏறியது. பனை கூடைக்கடியில் தனியாக நின்று அலட்டிக்கொள்ளாமல் போட்டான். கேப்டன் இரண்டு தடவை திரும்பி அவளைப் பார்த்தான். சிவப்புச் சேலை இருக்கிறது, சத்தம் எங்கே என்று தேடுகிற பார்வை.

அந்தப் பார்வையைப் பார்த்ததும் நேசபாய் சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். சந்தையில் இந்தப் பார்வையை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். விற்கிறவன் வாங்குகிறவள் வாயைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் பேரம் முடிந்த மாதிரிதான். ஆனால் முதலில் ஒரு சின்னதை அவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அப்போதுதான் பெரியது நம் கூடைக்கு வரும்.

இந்தியா நாற்பத்திரண்டு, இலங்கை நாற்பத்தொன்று. மணி பார்க்கிறவர் எழுந்து நின்றுவிட்டார். நேசபாய் பெஞ்சின்மேல் ஏறினாள்.

"மைசூர்க்காரனுக்குக் காலு புடிச்சிட்டு! அந்தப் பக்கம் ஆளில்லை, மூடுங்க!"

மெய்தான், அவன் நொண்டிக்கொண்டிருந்தான். இலங்கை கேப்டன் அந்தப் பக்கமாகப் பாய்ந்தான், போட்டான். இலங்கை நாற்பத்து மூன்று. ராஜையன் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தான். ஜான்ரோஸே பதறிவிட்டார், என்ன இருந்தாலும் தம்பி. "வாயை மூடு நேசம்! குடியைக் கெடுத்திராதே!" பின்னாலிருந்து யாரோ, "அவளைப் புடிச்சிக் கீழ இறக்குங்கலே!" என்றார்கள். அவள் இறங்கவில்லை. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மீன்காரியிடம் காட்டாத முகத்தை யாழ்ப்பாணத்தானிடம் காட்டுவாளா?

பந்து இந்தியாவுக்கு. இனி ஒரு தடவைதான், அதற்குமேல் நேரமில்லை. பந்து சுற்றிச் சுற்றி ராஜையன் கைக்கு வந்தது. எதிரே கேப்டன், கையை விரித்துக்கொண்டு.

நேசபாய் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, ஆண்டவர் கட்டித் தொங்கவிட்ட மணியை முழுசாக அடித்தாள்.

"தேவகனி அப்பா! போடாதீங்க! நீங்க போடாதீங்க! பனைக்குக் குடுங்க! பனைக்கு!"

கேப்டன் சிங்களத்தில் ஒரு சொல் கத்தினான். மற்ற நான்கு பேரும் பனையைப் பார்த்து ஓடினார்கள். கேப்டனும் ராஜையனை விட்டுவிட்டு ஓடினான். ராஜையன் தனியாக நின்றான்.

அந்த நேரத்தில்தான் நேசபாய்க்கு உயிர் போனது. ஐயோ ஆண்டவரே, ஏழு வருஷம் கேக்காத மனுஷன் இன்னைக்குப் பாத்து எனக்க பேச்சைக் கேட்டுத் தொலைச்சிரப்படாதே!

ராஜையன் எழும்பினான். பந்து அவன் கையை விட்டுக் கிளம்பி, கூடைக்குள் இறங்கியது. விசில் ஊதியதும் ஜனம் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. நாற்பத்து நான்கு, நாற்பத்து மூன்று. பனையையே நாலு பேர் தூக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. நேசபாய் பெஞ்சிலேயே உட்கார்ந்து, சந்தோஷம் தாங்கமாட்டாமல் வாய்விட்டு அழுதாள். அந்த அழுகையும் ஒழுகினசேரி வரைக்கும் கேட்டிருக்கும்.

இலங்கை கேப்டன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான். "அக்கா, கடைசியிலை என்னை ஏமாத்திப்போட்டியள்" என்று சிரித்தான். நல்ல பிள்ளை.

"நீ நல்லா வெளையாடின மக்கா. ஆனா ஊரான் பொண்டாட்டி பேச்சை இந்த அளவுக்கு நம்பப்படாது" என்றாள் நேசபாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஜான்ரோஸ் தம்பியைக் கட்டிப்பிடித்தார். கடையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மணிலாவுக்கு எத்தனை சட்டை வேண்டும், எல்லாம் நம்ம கடைத் துணிதான் என்றார்.

வெயில் தாழ வீட்டுக்கு நடந்தார்கள். பிள்ளை ராஜையன் தோளில் தூங்கிவிட்டது. வழியெல்லாம் ஆட்கள் அவனை நிறுத்தி, "டிரில் சாரே, நல்லவேளை பொண்டாட்டி சொன்னதைக் கேக்கல்ல!" என்று கைகொடுத்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டான். நேசபாய் பூங்கனியின் தோளைத் தட்டி, பின்னால் வருகிறவனுக்கும் கேட்கட்டும் என்று சொன்னாள்:

"கெட்டினவரு ஏழு வருஷமாக் கேக்காத எனக்க பேச்சை இன்னைக்கு அஞ்சு ஆம்பிளைங்க கேட்டிருக்கானுவ, பாத்துக்க. அஞ்சு பேரு! அதுவும் கடலு தாண்டி வந்து!"

"அஞ்சு இல்ல ஏட்டி" என்றான் ராஜையன். "ஆறு."

அவள் நின்றுவிட்டாள். "ஆறா? உங்களைப் பனைக்குல்லா குடுக்கச் சொன்னேன்?"

"வாய் அப்பிடித்தான் சொல்லிச்சு." பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டான். "ஏழு வருஷமா எனக்க கையில பந்து வந்தா போடுங்க, போடுங்கண்ணு கத்துதவ நீ. ஒருநாளும் போடாதீங்கண்ணு சொன்னதில்ல. அந்த கேப்டன் உனக்க வாயையே பாத்துக்கிட்டு நிண்ணதை நானும் பாத்தேன். நீ போடத்தான் சொல்லுதேண்ணு வெளங்கிச்சு. போட்டேன்."

பூங்கனி நைசாக முன்னால் நடந்துவிட்டாள். வடசேரிப் புளியமரங்களுக்குக் காக்கைக் கூட்டம் அடைய வந்துகொண்டிருந்தது. நேசபாய் அண்ணாந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் கறுப்பு.

"சவத்துக் காக்கா" என்றாள். "இன்னைக்காவது ஒண்ணு வெளுத்திருக்கப்படாதா?"

அவ்வளவு பெரிய தொண்டையிலிருந்து அந்தப் பேச்சு மட்டும் மெல்லத்தான் வந்தது. பக்கத்தில் வந்து நின்றவனுக்கு மட்டும்தான் அது கேட்டது.