உரிமையாளர் பெயர், விலாசம்

மூங்கில் கூடையின் வாயை மூடியிருந்த கோணியை அவிழ்த்ததும் முதல் கோழி தலையை மட்டும் நீட்டிப் பார்த்தது. "வாங்க, வாங்க. ஒவ்வொருத்தரா வாங்க. தள்ளாதீங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு" என்றார் அப்பா. இருபத்திரண்டு வருஷம் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டியவர். பொத்தானை அவரவரே அமுக்கிக்கொள்ளும் புது லிஃப்ட் வந்ததும் அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பதினான்கு மாதமாக வீட்டில் இருக்கிறார். அந்தப் பதினான்கு மாதத்தில் அவர் இத்தனை சொற்களைச் சேர்ந்தாற்போலப் பேசி அவள் கேட்டதில்லை. வேலையிலிருந்து வந்தவள் தோள் பையைக்கூட இறக்காமல் சமையலறை வாசலிலேயே நின்றாள்.

கோழிகள் ஆறு. பின்கட்டில் பப்பாளி மரத்தை ஒட்டி, பழைய கதவுப் பலகைகளை வைத்து அப்பா கூண்டு அடித்திருந்தார்.

"மனுஷன் காலை நீட்டிப் படுக்க இடமில்ல, கோழிக்கு மாளிகை" என்றாள் அம்மா.

"முட்டை போடும்ல?"

"போடட்டும். நீங்களே அடைகாத்துக்கோங்க. வேற என்ன வேலை உங்களுக்கு?"

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்தார். "பாப்பா, நீதான் தினமும் கோழியாப் பாக்குறியே. ஏதாவது ஒண்ணுன்னா உன்னக் கேட்டுக்கலாம்ங்கற தைரியத்துலதான் வாங்கிட்டேன்."

அவள் வேலை பார்ப்பது கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில். பண்ணைகளிலிருந்து செத்த கோழிகள் சாக்கில் வரும். அவற்றை அறுத்து, குடலையும் ஈரலையும் பார்த்து, ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, என்ன நோய் என்று எழுதுவாள். சேர்ந்த அன்றே ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்: வீட்டில் கோழி, வாத்து, புறா எதுவும் வளர்க்கவில்லை, இனியும் வளர்க்க மாட்டேன். அங்கே வேலை செய்கிறவர்களின் துணியிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு நோய் வீடு வரை வந்துவிடும் என்பதுதான் காரணம். மீறினால் வேலை போய்விடும். அவள் ஒப்பந்தத்தில் இருப்பவள்; இந்த வருஷம்தான் நிரந்தரமாக்கச் சொல்லி அவள் பெயர் மேலே போயிருந்தது. அம்மா பள்ளிச் சீருடை தைத்து வருவது காய்கறிக்குக் காணும். மற்றதெல்லாம் இவள் சம்பளத்தில்தான் ஓடியது.

"அப்பா, இது கூடாதுப்பா." மூன்றே சொல். நாக்கின் நுனி வரை வந்தது. அதற்குள் அப்பா கடைசிக் கோழியை இரண்டு கையாலும் தூக்கி, கண்ணாடிச் சாமானை வைப்பது போல மண்ணில் வைத்தார். அவள் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் வருஷாந்திர உறுதிமொழித் தாள் வந்தது. அதிலும் கையெழுத்துப் போட்டாள்; பேனா நன்றாகத்தான் எழுதியது.

அப்பா கோழிகளுக்குப் பெயர் வைத்தார். எல்லாம் அந்தக் கட்டடத்து ஆட்கள். மேனேஜர், ஆடிட்டர், டைப்பிஸ்ட், மூணாவது மாடி வக்கீலம்மா, எப்போதும் நேரம் கழித்து வரும் இன்சூரன்ஸ்காரர், அப்புறம் கேஷியர். மேனேஜர் என்பது கொண்டை சாய்ந்த ஒரு பெட்டைக்கோழி. மற்றவற்றை ஒதுக்கிவிட்டு முதலில் தின்னும். "இருபத்திரண்டு வருஷத்துல அந்தாளு என்கிட்ட பேசினது ரெண்டே வார்த்தை. மேல, கீழ. இப்பப் பாரு, என் கையால தின்னுது" என்று சிரிப்பார். கேஷியர்தான் அவருக்குச் செல்லம். அந்தக் கட்டடத்திலேயே கேஷியர் ஒருவர்தான் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பாராம்.

சாயங்காலம் அவள் தெருமுனையில் திரும்பும்போதே அப்பா வாசலில் நிற்பார். கையில் ஒரு கேள்வி தயாராக இருக்கும். கோழிக்கு வேர்க்குமா? மண்ணுல ஏன் புரளுது? முட்டை ஓட்டுக்கு எங்கிருந்து சுண்ணாம்பு எடுத்துக்குது? அவள் முதலில் ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள். பிறகு ஒரு வாக்கியம். ஒருநாள் முட்டை கோழிக்குள் எப்படி உருவாகிறது, மஞ்சள் முதலில், பிறகு வெள்ளை, கடைசியில் ஓடு, மொத்தம் ஒரு நாளுக்குச் சற்று மேல் என்று தாளில் படம் போட்டுக் காட்டினாள். "வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடும்னு இருந்த பொண்ணா இது!" என்று அம்மா தையல் மிஷினிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தப் படத்தை அப்பா திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கல்லூரியில் அவள் வாங்கிய சான்றிதழைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. பார்த்தாலும் இங்கிலீஷில் இருந்த அதில் அவருக்குப் படிக்க எதுவும் இருந்ததில்லை.

தன்னால் முடிந்ததை அவள் செய்தாள். ஆய்வுக்கூடத்திலேயே தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். செருப்பைத் தெருவாசலில் விட்டாள். பின்கட்டுப் பக்கம் போவதே இல்லை. "தொட்டுப் பாரும்மா, ஒண்ணும் செய்யாது" என்று அப்பா கேஷியரை அணைத்துக்கொண்டு வந்து நீட்டுவார். அவள் தலையாட்டிவிட்டுப் பின்னால் நகர்வாள். அருவருப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார். "லேப்ல எல்லாம் செத்த கோழி. உயிரோட இருக்குறதப் பாத்தா பயம்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தார்.

ஒன்றை மட்டும் அவள் செய்யவில்லை. கோழிகளை மொத்தமாக வாரிக்கொண்டு போகும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து உண்டு. கண்ணில் ஒரு சொட்டு. ஆனால் மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடம் இருக்கும் அதே வளாகத்தில் இருந்தது. பெயர், விலாசம், எத்தனை கோழி என்று நோட்டில் எழுதிக்கொண்டுதான் கொடுப்பார்கள். கம்பவுண்டருக்கு அவளைத் தெரியும், அவள் வீடும் தெரியும். நிரந்தரமாகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மாதத்தைத் தள்ளினாள்.

அந்த மாதம் ஆய்வுக்கூடத்துச் சலவை மிஷின் கெட்டுப்போனது. வேலையின்போது போடும் வெள்ளைக் கோட்டை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்துத் துவைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டரம்மா. அந்த ஆய்வுக்கூடத்துக்கு அவர்தான் தலைமை. வீட்டில் கோழி இல்லை என்று கையெழுத்துப் போட்டவர்களிடம் அப்படிச் சொல்வதில் தப்பில்லை. அன்று அவள் வெள்ளைக்கழிச்சலில் செத்து ஒரே பண்ணையிலிருந்து வந்த பதினெட்டுக் கோழிகளை அறுத்திருந்தாள். கோட்டை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, தன் அறையில் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் வாங்கக் கடைக்குப் போனாள். சனிக்கிழமை. கடையில் கூட்டம்.

திரும்பி வந்தபோது கோட்டு பின்கட்டுக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. கஞ்சி சொட்ட, காலரும் கையும் சுருக்கமில்லாமல் நீவிவிட்டபடி. அப்பா இருபத்திரண்டு வருஷம் தன் காக்கி யூனிஃபார்மைத் தானே துவைத்து, தானே கஞ்சி போட்டுக்கொண்டவர். அம்மாவைக்கூடத் தொட விட்டதில்லை. அழுக்கு யூனிஃபார்ம் கண்ணில் பட்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

"ரூமக் கூட்டப் போனேன், பை கிடந்துச்சு. பாரு, எப்படி இருக்குன்னு. டாக்டர் கோட்டு மாதிரி இல்ல?"

துவைத்த தண்ணீரை அவர் பப்பாளி மரத்தடியில் கொட்டியிருந்தார். ஈர மண்ணில் ஆறு கோழிகளும் குஷியாகக் கிளறிக்கொண்டிருந்தன. அவள் கையில் இருந்த பவுடர் பொட்டலத்தைப் பார்த்தாள். "நல்லா இருக்குப்பா" என்றாள். ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. விரல் விட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை அப்பா வாசல் வரை பின்னாலேயே வந்தார். "பாப்பா, கேஷியர் தண்ணியே குடிக்கல. கழுத்த ஒரு மாதிரி சாய்ச்சுக்கிட்டு நிக்குது. வக்கீலம்மாவும் சுருண்டு படுத்திருக்காங்க."

"வெயில்ப்பா" என்றாள்.

"அதுக்குப் பச்சையாக் கழியுமா?"

"பஸ் வந்துடும்ப்பா" என்று நடந்தாள்.

பதினோரு மணிக்கு ஆய்வுக்கூடத்து வரவேற்பு மேஜையில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். அங்கே இருக்க வேண்டியவர் லீவு. பின்னால் டாக்டரம்மா பீரோவில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். "உன் ஃபைல்ல மேல கையெழுத்தாகி இந்த வாரமே வந்துடும். வாய் பேசத் தெரியாத பொண்ணு, ஆனா வேலையில சுத்தம்னு எழுதியிருக்கேன்" என்றார் திரும்பாமலே. அவள் நன்றி சொல்ல வாய் எடுத்தபோது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் துணிப்பை. பையின் அடி தொய்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் தொலைந்தவர் வழி கண்டதுபோல முகம் விரிந்தது. வாயைத் திறந்தார்.

"பேரு சொல்லுங்க" என்றாள் அவள். குனிந்து படிவத்தை எடுத்தாள். "உரிமையாளர் பேரு, விலாசம்."

லிஃப்ட் ஓட்டியவருக்குச் சில விஷயம் தெரியும். ஐந்தாவது மாடியில் ஒட்டிக்கொண்டு ஏறும் இரண்டு பேர், நாலாவது மாடியில் வேறொருவர் ஏறியதும் முன்பின் தெரியாதவர்களாக நிற்பார்கள். அப்போது ஓட்டுகிறவன் சுவரைப் பார்க்க வேண்டும். அப்பா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு அவள் தலைக்கு மேலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு ஒரு பெயரைச் சொன்னார். அது அவர் பெயர் இல்லை. விலாசமாக அந்த ஏழு மாடிக் கட்டடத்தின் எண்ணையும் தெருவையும் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.

டாக்டரம்மா வந்து பைக்குள் எட்டிப் பார்த்தார். "எத்தனை கோழி?"

"ஆறும்மா. ரெண்டு போச்சு."

"தடுப்பு மருந்து விட்டீங்களா?"

"அப்படின்னா?"

"கண்ணுல ஒரு சொட்டு. அவ்வளவுதான். எதிர்ல அந்த ஆஸ்பத்திரியிலயே சும்மா குடுக்குறாங்க. ஏன் பெரியவரே, வீட்டுல படிச்சவங்க யாருமே இல்லையா?"

"இல்லம்மா" என்றார் அப்பா காலண்டரைப் பார்த்தபடியே. "யாருமில்ல."

மிச்சத்தைத் தனியாக அடைத்து வைக்க வேண்டும், செத்ததை ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பையை மேஜையில் வைத்துவிட்டு, கதவு சத்தம் போடாமல் பிடித்துச் சாத்திக்கொண்டு போனார். கேஷியரை அவள்தான் அறுத்தாள். இரைப்பையில் ரத்தப் புள்ளிகள், புத்தகத்தில் போட்ட படம் போல. உள்ளே ஓடு பிடிக்காத முட்டை ஒன்று தோல் பையாக இருந்தது. எழுத வேண்டியதை எழுதினாள். ஓர் எழுத்தும் கோணவில்லை. அதுதான் அவளுக்கு வினோதமாக இருந்தது.

சாயங்காலம் அப்பா வாசலில் இல்லை. கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"வந்துட்டாங்க மகாராணி. பெத்த அப்பன யாருன்னு கேட்டியாமே?"

"விடு" என்றார் அப்பா. "அவ வேலை அப்படி. ஏதோ இருக்கும். நான் சொல்லாமப் போனது தப்பு." குரலில் கோபம் இல்லை. கணக்கு புரியாத பிள்ளையின் குரல். "ஒரு சொட்டுதானாம், பாப்பா. கண்ணுல. சும்மாவே குடுக்குறாங்களாம். உனக்குத் தெரியாதாம்மா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியும் என்று சொல்லி அழுதிருக்கலாம். அன்று நாக்கின் நுனியில் நின்றுபோனதை, கோழி வைத்திருந்தால் வேலை போய்விடும் என்பதை, இப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் கோட்டைத் துவைக்கச் சொன்னது யாரு?" என்றாள்.

தன் குரலா அது என்றிருந்தது. நிறுத்த முடியவில்லை. பதினெட்டுக் கோழி அறுத்த கோட்டு என்றாள். கிருமி துணியில் இருக்கும், தண்ணீரில் இறங்கும், மண்ணுக்குப் போகும், ஐந்தாம் நாள் காட்டும் என்றாள். அறிக்கை வாசிப்பதுபோல வரிசையாக, ஒரு பிழையும் இல்லாமல். "நீங்க மரத்தடியில கொட்டுனீங்களே, அதுலதான் வந்துச்சு. நீங்கதான் குடுத்தீங்க." அந்த வீட்டில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அப்பா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான்தானா" என்றார். அப்புறம் மெதுவாக, "கையக் கழுவாமத்தான் அன்னிக்குத் தீனியும் வச்சேன்" என்று தானாகவே ஒன்றைச் சேர்த்துக்கொடுத்தார். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலையில் பின்கட்டில் மண்வெட்டிச் சத்தம் கேட்டு விழித்தாள். எழுந்திருக்கவில்லை. சத்தம் நெடுநேரம் கேட்டு, பிறகு நின்றது. கோழிச் சத்தம் எதுவும் இல்லை; மிச்சம் நாலும் ராத்திரியே போயிருக்க வேண்டும். குளித்து, உடுத்தி, பையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

கூடமெங்கும் வெள்ளைக் காலடிகள். குழிக்குப் போட்ட சுண்ணாம்பை மிதித்துக்கொண்டு அப்பா உள்ளே வந்திருக்கிறார். பின்கட்டிலிருந்து சமையலறை வழியாக, தையல் மிஷினைச் சுற்றி, நேராக அவள் அறை வாசலுக்கு வந்திருந்தன. நிலைப்படிக்கு ஒரு சாண் முன்னால் இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில். மற்றவற்றைவிட அந்த இரண்டும் அழுத்தமாக, விரல் விரலாகத் தெரிந்தன. ரொம்ப நேரம் நின்றிருக்க வேண்டும். அங்கிருந்து திரும்பிய தடங்கள் தெருவாசல் பக்கம் போய், போகப் போக மங்கி, கடைசிப் படியில் வெறும் குதிகால் மட்டுமாக இருந்தன.

"அப்பா எங்கம்மா?"

அம்மா ஈரத் துணியை வாளியில் பிழிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "தெரியல. சொல்லிட்டா போறாரு? மிதிச்சுடாத, வீடு பூரா ஆகும்."

பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அறையிலிருந்து வெளியே வர அந்த ஒரு வழிதான். அவள் ஒரு காலைத் தூக்கியபடி, எங்கே வைப்பதென்று தெரியாமல், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.