மியோசா ரகுபதி

எங்கள் வியாசர்பாடிக் குடியிருப்பின் நலச் சங்கத் தலைவர் ரகுபதிக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் ராஜ வம்சம் பிடித்துக்கொண்டது. பர்மா ராஜா தன் கொள்ளுத்தாத்தாவுக்கு 'மியோசா' என்று பட்டம் கொடுத்தாராம். இணையத்தில் ஏதோ பட்டியலில் அந்த வார்த்தையைப் பார்த்திருக்கிறார். ஓசை பிடித்துப்போயிற்று, எடுத்துக்கொண்டார். இங்கே பாதிக் குடும்பங்கள் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவை. எல்லோரும் அரிசி மூட்டை தூக்கியவர்களின் பிள்ளைகள். அவர் மட்டும் அரண்மனையிலிருந்து வந்தார்.

நுழைவாயிலில் 'மியோசா ரகுபதி' என்று வளைவு வைக்க இடம் வேண்டியிருந்தது. அங்கே முப்பது வருடமாக அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் கன்னியம்மாவின் தள்ளுவண்டியை, குப்பை லாரி நிற்கும் மூலைக்குப் போகச் சொன்னார்.

"அந்த நாத்தத்துல எவன் நைனா நின்னு துன்னுவான்?" என்றாள் அவள்.

"மியோசான்னு கூப்டு."

திறப்பு விழாவில், பர்மா மொழி தெரிந்த யாராவது பட்டத்தின் பெருமையைச் சொன்னால் எடுப்பாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. ஒன்பது வயதுவரை ரங்கூனில் வளர்ந்த கன்னியம்மாவைத் தவிர வேறு ஆள் இல்லை. விரட்டிய பெண்ணையே மேடைக்குக் கூப்பிட அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

பொன்னாடையோடு நின்றவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவள் மைக்கைப் பிடித்தாள்.

"மியோன்னா ஊரு. சான்னா துன்றது. மியோசான்னா ஊரைத் துன்றவன். இந்த ஊரு வரியில பொழைச்சிக்கோன்னு ராஜா தன் புள்ளைங்களுக்கும் மந்திரிங்களுக்கும் குடுக்கற பட்டம். பட்டம் வாங்கினவரு புள்ளைன்னு சொல்ற இவரு தாத்தாவும் எங்க அப்பாவும் ஒரே மில்லுல மூட்டை தூக்கினாங்க. அந்த மனுசன் யாரு ஊரையும் துன்னல. இவருக்குத்தான் பட்டம் கரெக்டா கீது."

முதலில் தண்ணீர்க் குடத்தோடு நின்ற ஒருத்தி சிரித்தாள். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. கைதட்டல் என்று நினைத்து ரகுபதி கும்பிட்டார். பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்ன பிறகுதான் கை இறங்கியது.

அன்று மாலையே கன்னியம்மா வண்டியைப் பழைய இடத்துக்குத் தள்ளி வந்தாள். நான்கு பேர் கைகொடுத்தார்கள். ரகுபதி வந்து முறைத்தார்.

"இன்னா, ஒரு பிளேட்டு போடட்டா? இல்ல, ஊரு மட்டுந்தான் துன்னுவியா?"

அவர் திரும்பி நடந்தார். ஆனால் பட்டம் இல்லாமல் இருக்கவும் முடியவில்லை. பர்மாவில் படைத் தளபதியை 'போ' என்று அழைப்பார்களாம். அடுத்த வாரம் பெயின்டரை வரவழைத்து, 'மியோசா'வை அழித்துவிட்டு அதை எழுதச் சொன்னார். பக்கத்தில் நின்று மேற்பார்வையும் பார்த்தார்.

பெயின்டர் ஏணியிலிருந்து இறங்கியதும், கன்னியம்மா வெங்காயம் அரிவதை நிறுத்தி, நிமிர்ந்து, உரக்கப் படித்தாள்.

"போ ரகுபதி."

தளபதி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.