இத்தாலிப் படிவத்தின் பதினான்காம் கட்டம்

1

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் பேசிய ஒரு பேச்சின் மிச்சந்தான் இந்தக் கதை.

1985-இல் பாளையங்கோட்டையில் ஒரு மேடை போட்டோம். சைவக் குடும்பத்துப் பெண் விஜயஸ்ரீயும், புன்னக்காயல் மீனவக் குடும்பத்தில் பிறந்து கப்பலில் இயந்திரப் பணி பார்த்த ஞானசிகாமணியும் அதில் மாலை மாற்றிக்கொண்டார்கள். தலைமை நான். ஒரு மணி பத்து நிமிடம் பேசினேன். “இது மணமக்களின் கழுத்தில் விழுந்த மாலையன்று, சாதியின் கழுத்தில் விழுந்த சுருக்கு!” என்றபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்தப் பேச்சைத் துண்டுப் பிரசுரமாகவும் அச்சிட்டோம். மறுநாள் தென்காசிக் கூட்டத்துக்குப் பேருந்து ஏறினேன். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று அதன்பின் ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த ஆண்டு, 1997 சனவரியில், அவளுடைய தங்கை அனுராதா என் வீட்டுக்கு வந்தாள். அவள் கையில் ஒரு படிவமும் ஒரு சான்றிதழும் இருந்தன. என்னிடம் ஒரே ஒரு சொல்லைக் கேட்டாள். ஆயிரம் மேடையில் பேசியவனிடம் அந்தச் சொல் இல்லை. ஆகவே கதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: “தண்பொருநை தவழ்ந்து வளம் கொழிக்கும் நெல்லைச் சீமையிலே—”

[விட்டுவிட்டேன். இந்தக் கதையில் ஆறு வேறொரு வேலைக்குப் பயன்படுகிறது.]

இரண்டாம் தொடக்கம்: “ஆதிக்கத்தின் கோட்டைகளே, கேளுங்கள்!”

[கோட்டைகள் கேட்பதில்லை. இதையும் விட்டேன்.]

2

அனுராதா அஞ்சலகத்தில் எழுத்தர். அக்காவின் கடிதங்கள் வீட்டு முகவரிக்கு வராமல் அவளுடைய அலுவலக மேசைக்கே வந்து சேர்ந்ததற்கு அதுதான் காரணம். பன்னிரண்டு ஆண்டுகளாக இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தின் முத்திரை பதிந்த உறைகளைத் தானே பிரித்து, தானே படித்து, தானே ஒளித்து வைத்தவள் அவள்.

கார்த்திகையில் வந்த கடிதம் சிறியது. ‘மார்பில் அறுத்த கட்டி இப்போது எலும்புக்குப் போய்விட்டது. சித்திரை வரைக்கும் இருப்பேனா என்று கேட்டால் டாக்டர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். உன் பிள்ளைகளை ஒரு தடவை என் கண்ணில் காட்டு.’ கீழே ஞானசிகாமணியின் கையெழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது: பிப்ரவரியில் அங்கே ஆப் சீசன். விமானச் சீட்டு மலிவு. நானே எடுத்து அனுப்புகிறேன்.

அனுராதாவின் கணவன் கணேஷ்ராமுக்கு மின்வாரியத்தில் விடுப்புக் கிடைக்காது. ஏழு வயது சிவகணேஷையும் நான்கு வயது கோமதியையும் அவள் தனியாகத்தான் கூட்டிப் போக வேண்டும். அவர்களின் பெயரை அவளுடைய பாஸ்போர்ட்டிலேயே சேர்த்தாயிற்று. எதிர்வீட்டுப் பார்வதியம்மாள் செய்தி கேட்டதும் மோவாயில் கை வைத்தாள்.

“ஆப் சீசன்லயா போறிய? சொட்டுத் தண்ணி விழாதே! பிள்ளையளுக்கு என்னத்தக் காட்டப் போறிய?”*

(* நெல்லைக்காரர்களுக்கு உலகத்தில் ஒரே சீசன்தான். அது ஆனி, ஆடியில் குற்றாலத்தில் வரும். மற்றவையெல்லாம் வெறும் மாதங்கள்.)

கம்பளிச் சட்டை வாங்கப் போன கடையில், “கொடைக்கானலா, ஊட்டியாம்மா?” என்று கேட்டார்கள்.

“இத்தாலி.”

கடைக்காரர் ஒருகணம் யோசித்தார். “அப்பம் காதையும் சேத்து மூடுத மாதிரி எடுத்துக்கிடுங்க.”

அன்று அவள் சிரித்தாள். அதற்குப் பின் சிரித்ததாக அவள் என்னிடம் சொல்லவில்லை. நானாக எங்கேனும் சிரிப்பைச் சேர்த்தால் அது பொய்யாகும்.

3

காஜா முகைதீன் பாளையங்கோட்டையில் பயண ஏற்பாடு செய்பவர். துபாய்க்கும் குவைத்துக்கும் ஆட்களை ஏற்றிவிட்டுப் பழகியவருக்கு இத்தாலி விசாப் படிவம் புதிது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்பி வந்தவர் பதினான்காவதில் நின்றார்.

“‘அழைப்பவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு’ன்னு கேக்காவ.”

“அக்கான்னு போடுங்க அண்ணாச்சி.”

“போட்டுரலாம். ரெண்டு பேரும் ஒரு தாய் தகப்பன் பிள்ளையன்னு அரசாங்கத் தாளு ஒண்ணு சேத்து வைக்கணுமே.”

அவள் அதையும் கொண்டுவந்திருந்தாள். அப்பா நெல்லையப்பன் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானபோது அண்ணன் சிவசண்முகம் வாங்கிய வாரிசுச் சான்றிதழ் அது. அண்ணன் வீட்டுப் பெட்டியில் இருந்ததை மடிப்புப் பிரிக்காமலேயே எடுத்து வந்திருந்தாள்.

காஜா முகைதீன் சத்தமாகப் படித்தார். “மனைவி அன்னத்தாய், முன்பே காலமானார். மகன் சிவசண்முகம். மகள் அனுராதா. மகள் விஜயஸ்ரீ...” அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

“என்ன அண்ணாச்சி?”

“நீங்களே வாசிங்கம்மா.”

‘மகள் விஜயஸ்ரீ: காலமானார்.’ அதன்மேல் வட்ட முத்திரை.

“யா அல்லாஹ்,” என்றார் காஜா முகைதீன், மெல்ல. “அப்பம் நேத்து இத்தாலியில இருந்து போன்ல எங்கிட்டப் பேசுனது ஆரு?”

இரக்கமுள்ள அந்த மனிதர் வழி ஒன்று சொன்னார்.

“நான் சொல்லுததக் கேளுங்க. அக்கான்னு போட்டாத்தான் தாளு கேப்பாவ. சிநேகிதின்னு போட்டுட்டா ஒரு கேள்வி கிடையாது, சோலி முடிஞ்சுது. ஆனா, பிள்ளையளக் கூப்புட்டு விசாரிச்சாலும் விசாரிப்பாவ. பெரியம்மான்னு வாயத் தொறந்துரக் கூடாது, பாத்துக்கிடுங்க.”

4

இங்கே ஒரு கொடியவனைப் படைக்க வேண்டும் என்று என் கை பரபரத்தது. எழுதியும் விட்டேன்: “சீவலப்பேரி வயலுக்காக உடன்பிறந்தவளைக் காகிதத்தில் கொன்ற கயவன் சிவசண்முகம்—”

[அடித்துவிட்டேன். எனக்குப் பங்கு வேண்டாம் என்று விஜயஸ்ரீ அப்பா இருந்தபோதே எழுதிக் கொடுத்துவிட்டாளாம். பேராசையாயிருந்தால் எனக்கு எளிது. பேராசையை மேடையில் கிழிக்கலாம்.]

சிவசண்முகம் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். பீடி, வெற்றிலை இல்லாதவர். மாணவனைப் பிரம்பால் தொடாதவர். டவுனில் அவருடைய வீட்டுக்கு அனுராதா போனபோது விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சான்றிதழை மேசைமேல் வைத்தாள்.

“உசுரோட இருக்கவளச் செத்துட்டான்னு எப்படிண்ணே எழுதிக் குடுத்த?”

“ஏட்டி, சத்தம் போடாத. அதிகாரி எத்தன பிள்ளையன்னு கேட்டாரு, மூணுன்னேன். எல்லாரும் இருக்காவளான்னாரு. ரெண்டு பேரு இருக்கோம்னேன்.”

“அது பொய்யில்லையா?”

“என்ன பொய்?” அவர் உண்மையாகவே வியந்து நிமிர்ந்தார். “அவ மாலை மாத்துன அன்னைக்கு ஆத்துல, குறுக்குத்துறையில அப்பா முங்குனாவ, அம்மா முங்குனாவ, நான் முங்குனேன். செத்த வீட்டுக்கு முங்குத மாதிரி மூணு முங்கு. வீட்டுல வந்து அவ பேரச் சொல்லி வெளக்கு வச்சோம். அன்னையோட அந்தக் கணக்கு முடிஞ்சு போச்சி.”

“வாக்குமூலத்த மாத்திக் குடுண்ணே. தாலுகா ஆபீசுல அதத்தான் கேக்காவ. இல்லன்னா படிவத்துல சிநேகிதின்னுதான் போடணுமாம்.”

“பொய்ச் சான்று குடுத்தேம்னு எனக்கு வேலை போகும். சரி, போவட்டும்னே வச்சிக்க. என்னத்தன்னு எழுதுவேன்? சிநேகிதின்னு போட்டா விடுவாவன்னா, போட்டுட்டுப் போ. நான் தடுக்கல்ல. பிள்ளையளுக்குக் குளிருக்கு எடுத்துக்கிட்டியா?”

கடைசிக் கேள்வியில் போலியில்லை என்று அனுராதா உறுதியாகச் சொன்னாள். அந்த அக்கறையை இக்கதையில் எங்கே வைப்பதென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அவள் எழுந்தாள். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது, கோபமில்லாமல்:

“நீயும்தானட்டி முங்குன.”

5

தலைமுழுகுதல் என்கிறோம். “அவனைத் தலைமுழுகிவிட்டேன்” என்று நாள்தோறும் வாய்ச்சொல்லாகச் சொல்லித் திரிகிறோம். சில வீடுகளில் அது வாய்ச்சொல்லாக நிற்பதில்லை. குடும்பமே ஈரத்துணியோடு கரையேறி, மூச்சு விடுகிற ஒரு பெண்ணுக்குச் சாவுச் சடங்கு முடித்துவிடுகிறது. கத்தி இல்லை, குருதி இல்லை, வழக்கு இல்லை. தோழர்களே, நான் கேட்கிறேன், ஒரு நாட்டில்—

[இங்கே முக்கால் பக்கம் பேசியிருந்தேன். எடுத்துவிட்டேன். அந்த முக்கால் பக்கத்தில் அனுராதா ஓர் இடத்திலும் இல்லை.]

என் முதற்படியில் அவள் அறியாச் சிறுமி. பெரியவர்கள் கையைப் பிடித்து ஆற்றில் இறக்கினார்கள் என்று எழுதியிருந்தேன். அவள் மறுபடி வந்தபோது அதைப் படித்துக் காட்டினேன்; தடுத்தாள்.

“அப்படி எழுதாதீங்க அய்யா. எனக்கு அப்பம் பதினேழு வயசு. ஆரும் கையப் பிடிக்கல்ல. அக்கா மேல எனக்குக் கோவம். எனக்கு மாப்பிள்ள கெடைக்காதுன்னு எல்லாரும் சொன்னாவ. நானாத்தான் எறங்குனேன்.”

பிறகு சொன்னாள்: “அக்காவுக்கு அது தெரியாது. இத்தன வருசமா எனக்குத்தான் காயிதம் எழுதுதா.”

அப்போதுதான் அந்தக் கட்டம் எனக்கு முழுமையாகப் புரிந்தது. ‘சிநேகிதி’ என்று எழுதினால் அவள் இரண்டாம் முறை ஆற்றில் இறங்குகிறாள், இம்முறை பேனாவோடு. ‘அக்கா’ என்று எழுதினால் தாள் திரும்பி வரும். விசாரணை, வாக்குமூலம், அண்ணன் வேலை. இவையெல்லாம் முடிய எத்தனை மாதம்? நோய் காத்திருக்காது.

அவள் இதற்குள் வீட்டில் ஒத்திகை பார்த்துமிருக்கிறாள்.

“நாம ஆரப் பாக்கப் போறோம்?”

“பெரியம்மாவ!” என்றான் சிவகணேஷ்.

“இல்லலே, ஆன்ட்டின்னு சொல்லணும். அம்மாவோட சிநேகிதி.”

இரண்டு நாளில் பையன் பழகிவிட்டான். கேட்டவுடன் “ஆன்ட்டி” என்றான், முகம் மாறாமல். கோமதிதான் மூன்றாம் நாள் சாப்பிடும்போது கேட்டாள்:

“ஆன்ட்டியப் பாத்துட்டு, பெரியம்மா வீட்டுக்கு எப்பம்மா போவோம்?”

6

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. ‘சிநேகிதி’ என்று எழுதுகிறாள். பிப்ரவரியில் ஜெனோவா. கூட்டமில்லாத ஊர், மூடிக் கிடக்கும் கடைகள், மழை. மருத்துவமனைக் கட்டிலில் விஜயஸ்ரீ எழுந்து உட்கார முயல்கிறாள். சிவகணேஷ் கற்றுக்கொடுத்தபடி முன்னே போய், “வணக்கம் ஆன்ட்டி” என்கிறான்.

இரண்டாம் முடிவு. ‘அக்கா’ என்று எழுதுகிறாள். படிவம் திரும்பி வருகிறது. பங்குனியில் அவளுடைய அஞ்சலகத்துக்கே ஒரு தந்தி வருகிறது. அதைப் பதிந்து, உறையிலிட்டு, தன் பெயருக்குத் தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறாள். சான்றிதழ் உண்மையாகிவிடுகிறது.

மூன்றாம் முடிவு. சிவசண்முகம் தாலுகா அலுவலகத்தில் நிமிர்ந்து நின்று, “என் தங்கை உயிரோடு இருக்கிறாள்!” என்று முழங்குகிறார்.

[இதற்குக் கைதட்டல் நிச்சயம். கிழித்துப் போட்டேன்.]

என் வீட்டுக்கு வந்த அன்று நான் அவளிடம், கண்டனக் கூட்டம் போடுவோம், தீர்மானம் நிறைவேற்றுவோம், அமைச்சருக்கு அனுப்புவோம் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“கூட்டம் வேண்டாம் அய்யா. எங்க அக்காவுக்கு மாலை எடுத்துக் குடுத்தது நீங்க. முங்குனது நான். அதான் உங்ககிட்ட வந்தேன். எத எழுதட்டும்? ஒரு சொல்லு சொல்லுங்க, அத எழுதிருதேன்.”

திங்கட்கிழமை காலைத் தபாலில் படிவம் போயாக வேண்டும். அதற்கு முன் விடைக்கு வருவதாகச் சொல்லிப் போனாள். இன்று ஞாயிறு மாலை. என்னிடம் பதினொரு பக்கம் இருக்கிறது. அவள் கேட்ட சொல் இல்லை.

வாசகரே, படிப்பவருக்கு முடிவை விட்டுவிடுவது எழுதுகிறவனின் நயம் என்று நினைத்துவிடாதீர். இது என் தோல்வி, அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஆனால் நீரும் தப்ப முடியாது. அவளிடம் எதையாவது சொல்லியாக வேண்டும்; உம் வாயால் சொன்னால் அது உம்முடையது. படிவத்தில் அந்தக் கட்டம் மிகச் சிறியது, ஒரு சொல்லுக்குமேல் இடமில்லை.

14. உறவு: ........................