பெரியராஜா வந்த பொந்து

எங்கள் ஊரில் மஞ்சள் ஆறு கூரைகளுக்கு மேலே ஓடுகிறது. வண்டல் படியப் படிய ஆறு உயரும். நாங்கள் கரையை உயர்த்துவோம். கரைக்கு அடியில் நின்று அண்ணாந்தால் படகுப் பாய் வானத்தில் நகரும்.

அந்த ஏழாம் மாத வெள்ளத்தில் தண்ணீர் கரை விளிம்புக்கு ஒரு முழம் கீழே நின்றது. கரைக் கூலி லைவாங்கின் வீடு நேர் கீழே. அவன் மனைவி குய்ஜிக்குப் போன வாரம்தான் ஆண் குழந்தை பிறந்திருந்தது.

"மேஸ்திரி, அவளை மேல தூக்கிட்டு வந்துடறேனே. ஒரு ஓரமாக் கிடப்பா" என்றான்.

"பிள்ளை பெத்த உடம்போட கரையில கால் வைக்கவா? ஆறு நம்ம எல்லாரையும் முழுங்கிடும்டா. மாசம் கழியட்டும்" என்றார் பாங் மேஸ்திரி.

"மாசம் கழியற வரைக்கும் ஆறு காத்திருக்குமா?"

"அப்பன் ஆனதும் இவன் மூளை தொட்டிலுக்குப் போயிடுச்சுப்பா!" என்று யாரோ சொல்ல, கரையை அடைக்கச் சோளத்தட்டைக் கட்டு சுமந்தவர்கள் சிரித்தார்கள்.

உச்சிப் பொழுதில் கரைச் சரிவிலிருந்து ஒரு சிறு பாம்பு வெளியே வந்தது. மஞ்சள் நிறம், சதுரத் தலை. மேஸ்திரி சேற்றிலேயே மண்டியிட்டார். "பெரியராஜா வந்துட்டார்! தட்டு கொண்டா, மஞ்சள் துணி கொண்டா!"

ஆற்றின் ராஜா அப்படித்தான், பாம்பாக வருவார். வந்தால் வெள்ளம் வடியும். பாம்பு தானாகவே தட்டில் ஏறிச் சுருண்டது. எல்லாரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். கரையிலிருந்த ஒரே சேகண்டியும் ஊர்வலத்தோடு போயிற்று. கசிவு கண்டால் அதை விடாமல் அடிப்பார்கள், ஊரே மேலே ஓடி வரும். ராஜா வந்தால் விட்டுவிட்டு அடிப்பார்கள்.

லைவாங் மட்டும் பாம்பு வந்த பொந்துக்குள் கையை விட்டான். முழங்கை வரை ஈரம்.

"மேஸ்திரி! உள்ள தண்ணி வந்திருக்கு. அதான் அது வெளிய வந்திருக்கு!"

"வாயைக் கழுவுடா! ராஜா காதுல விழப்போகுது" என்று திரும்பாமலே கத்தினார் மேஸ்திரி.

லைவாங் சோளத்தட்டைகளைத் திணித்தான். சட்டையைக் கழற்றித் திணித்தான். பொந்து இரண்டையும் துப்பிவிட்டு, சேற்று நீரைக் கக்கியது. கத்தினான், சேகண்டிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பிறகு வீட்டுக்கு ஓடினான்.

குய்ஜி தினைக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். "சேகண்டி கேட்டீங்களா? ராஜா வந்துட்டாராம். இனிப் பயமில்ல."

"கரை ஒழுகுது. எழுந்திரு!"

"இந்த உடம்போடயா? நான் ஏறி கரை போச்சுன்னா காலத்துக்கும் என் பேரைத்தான் சொல்லுவாங்க."

"சொல்லிட்டுப் போகட்டும். வாடி!"

"பிள்ளைக்கு ஒரு தீட்டும் இல்ல. இவனை முதல்ல கொண்டு போங்க. நான் மேஸ்திரி சொன்னா வரேன்."

கெஞ்சினான், கையைப் பிடித்து இழுத்தான். அவள் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டாள். குழந்தையை வாங்கிக்கொண்டு ஓடினான். மேலே வைத்துவிட்டு வந்து அவளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு.

அவன் கரை உச்சியை மிதிக்கவும் பின்னால் கரை வாய் பிளந்தது. திரும்பிப் பார்த்தபோது கீழே கூரைகள் இல்லை. பழுப்பு நீரில் ஒரு கதவு சுழன்று போனது.

கோயில் மேட்டில் இருந்தவர்கள் தப்பினார்கள். தட்டில் பாம்பும் நனையாமல் கிடந்தது. பாங் மேஸ்திரி, அங்கே வந்து சேர்ந்த லைவாங்கின் கையிலிருந்த குழந்தையைப் பார்த்தார்.

"பிரசவ அறைப் பிள்ளையைக் கரையில ஏத்தினியா? அதான். ராஜா கோவிச்சுக்கிட்டார்."

அதையே ஊரும் சொன்னது. செத்தவர்களின் வீட்டாருக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது.

குளிர்காலம் முழுக்க உடைப்பை அடைத்தோம். லைவாங்கும் வந்தான். இன்றும் கரையில் பாம்பு தெரிந்தால் நாங்கள் தட்டுக்கு ஓடுகிறோம். அவன் மட்டும் சேற்றில் குப்புறப் படுத்து, பொந்துக்குள் கையை விடுகிறான்.